நிழலும் நிலமே!

போளூர் வட்டாரத்துச் சிறு விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "புழக்கடையில் ஒரு மாமரம் நிற்கிறது. அதன் அடியில் கத்தரி வைத்தேன், மிளகாய் வைத்தேன். ஒன்றும் தேறவில்லை. மரத்தை எடுத்துவிடலாமா?" கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. குற்றவாளி மரம், தண்டனை கோடரி. அங்கே வைத்த செடியைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

கத்தரியும் மிளகாயும் வெயிலை நம்பிப் பிழைக்கும் செடிகள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் பட்டால்தான் அவை பூத்துக் காய்க்கும். அவற்றைக் கொண்டுபோய் அடர்ந்த மாமரத்தின் அடியில் நட்டுவிட்டு, விளையவில்லை என்று மரத்தின்மேல் பழி போடுவது நியாயமாகாது. நன்செய் நெல்லை மானாவாரிக் கொல்லையில் விதைத்துவிட்டு மண்ணைக் குறை சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. மண்ணுக்கேற்ற பயிர், பட்டத்திற்கேற்ற பயிர் என்று தலைமுறை தலைமுறையாகப் பேசிவருகிறோம். நிழலுக்கேற்ற பயிர் என்று மட்டும் நாம் ஏன் யோசிப்பதில்லை?

ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட நிலம் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு சென்ட்டும் முக்கியம். வீட்டைச் சுற்றி, கிணற்றடியில், வரப்போர மரங்களின் கீழ், தென்னை வரிசைகளுக்கு நடுவே என்று கூட்டிப் பார்த்தால், நிழல் விழும் இடம் பலருக்கு ஐந்து, பத்து சென்ட்டாவது தேறும். அந்த இடத்தை ஒன்றுக்கும் உதவாதது என்று ஒதுக்குவதும் தவறு. வெயில் இடமாக மாற்றுவதற்காக மரத்தை வெட்டுவதும் தவறு. நிழலும் நிலமே. அதை முதலில் அளக்க வேண்டும்; பிறகு பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; எதுவும் பொருந்தாவிட்டால் அந்த நிழலை நிழலாகவே பயன்படுத்த வேண்டும். இதுவே என் கருத்து.

விலைக்கு வாங்கும் நிழல்

இன்றைக்கு நாற்றங்கால் போடுகிறவர்கள் பச்சை நிற நிழல்வலையைக் காசு கொடுத்து வாங்கிக் கட்டுகிறார்கள். பாதி வெயிலைத் தடுக்கும் வலைதான் பெரும்பாலும் விற்பனையாகிறது. ஒரு பக்கம் வரப்பு மரத்தை விறகுக்கு விற்றுவிட்டு, மறுபக்கம் கடையில் நிழலை வாங்கி வருகிறோம். வலை சில ஆண்டுகளில் வெயிலில் இற்றுக் கிழிந்துவிடும். மரமோ இலையைத் தருகிறது, காயைத் தருகிறது, ஆட்டுக்குத் தழையைத் தருகிறது, தானாகவே வளர்ந்தும் கொள்கிறது. மரத்தை வெட்ட அரை நாள் போதும். அதே நிழல் மீண்டும் கிடைக்க இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

எந்த மரத்தையும் எக்காலத்திலும் வெட்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. உள்ளே பொந்து விழுந்து வீட்டுப் பக்கம் சாய்ந்த மரத்தையும், கிணற்றோரம் மண்டிய சீமைக் கருவேலையும் எடுப்பது நல்லதே. "அடியில் கத்தரி காய்க்கவில்லை" என்ற ஒரே காரணத்துக்காக நல்ல மரத்தை வெட்டுவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

நிழலில் பயிர் செய்வது நம் மக்களுக்குப் புதிதும் அல்ல. வெற்றிலைக் கொடிக்கால் போடுகிறவர் முதலில் வெற்றிலையை நடுவதில்லை. அகத்தியை விதைத்து, அது வளர்ந்து நிழல் கொடுத்த பிறகே கொடியை நடுகிறார். அகத்தி அடர்ந்துவிட்டால் கிளையைக் கழித்து வெளிச்சம் விடுகிறார். சேர்வராயன் மலையிலும் பழனி மலைச் சரிவிலும் காப்பித் தோட்டக்காரர்கள் கோடையில் நிழலைக் காத்து, மழைக்காலத்தில் கிளையைக் கழிக்கிறார்கள். இவர்கள் நிழலைத் தொல்லையாகக் கருதுவதில்லை. உரம்போல, நீர்போல, அளந்து கொடுக்க வேண்டிய இடுபொருளாகக் கருதுகிறார்கள். நமது புழக்கடைக்கும் இந்தப் பாடமே போதும்.

நிழலை அளப்பது எப்படி?

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. மேகமில்லாத ஒரு நாளில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, மணிக்கு ஒரு தடவை அந்த இடத்திற்குச் சென்று, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கையை விரித்துப் பிடியுங்கள். கையின் நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் அது வெயில். மங்கலாகக் கலைந்து விழுந்தால் சல்லடை நிழல். நிழலே விழாவிட்டால் முழு நிழல். ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, மாலையில் வெயில் மணிகளைக் கூட்டுங்கள்.

நான்கு, ஐந்து மணி நேரம் வெயில் இருந்தாலோ, நாள் முழுவதும் சல்லடை நிழலாக இருந்தாலோ அது இள நிழல். இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை இருந்தால் அரை நிழல். இரண்டு மணிக்கும் குறைவானால் அடர் நிழல்.

வெயில் எந்த நேரத்தில் படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். காலை வெயில் இதமானது. பிற்பகல் வெயில் சுட்டெரிப்பது. பங்குனி முதல் வைகாசி வரை நம் பகுதியில் சில நாட்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. ஆகவே மரத்தின் கிழக்குப் பக்கம், அதாவது காலையில் வெயிலும் பிற்பகலில் நிழலும் கிடைக்கும் இடம், மிகச் சிறந்தது. அந்த இடத்தில் கோடையில் தக்காளி, மிளகாய் நாற்றுகள்கூட வாடாமல் நிற்கும். மேற்குப் பக்கம் அப்படி அல்ல. காலையெல்லாம் நிழலில் இருந்த மென்மையான இலைகள் பிற்பகல் வெயிலில் கருகிப்போகும்.

இன்னொன்றும் உண்டு. நிழல் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. போளூர்ப் பகுதியில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இரண்டே தடவை: சித்திரை இரண்டாம் வாரத்தில் ஒன்று, ஆவணி முதல் வாரத்தில் மற்றொன்று. இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் சற்று வடக்கே இருக்கும். அப்போது பத்தடிச் சுவரின் உச்சிவேளை நிழல் தெற்கே இரண்டடி அளவுக்குத்தான் விழும். மார்கழியிலோ அதே சுவரின் நிழல் வடக்கே ஏழடிக்கு மேல் நீளும். எனவே வீட்டின் வடபுறப் பாத்தி ஆனி, ஆடியில் வெயில் பாத்தி. மார்கழி, தையில் நிழல் பாத்தி. ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாமல், ஆனியில் ஒரு நாள், மார்கழியில் ஒரு நாள் என இரு தடவை அளந்து பார்ப்பது நலம்.

வறண்ட நிழலும் ஈர நிழலும்

நிழலின்மேல் போடப்படும் பழியில் பெரும்பங்கு உண்மையில் வேருக்கும் நீருக்கும் உரியது. மரத்தின் உணவு வேர்கள் மேல்மண்ணில் கிளைப் பரப்புக்கு வெளியேயும் ஓடும். அடியில் நட்ட சிறு செடிக்கு ஊற்றும் நீரையும் இடும் எருவையும் மரமே முதலில் குடித்துவிடும். போதாக்குறைக்கு, சிறு தூறலைக் குடைபோலத் தடுத்தும்விடும். இதுவே வறண்ட நிழல். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லி மீட்டர் மழையை நம்பியிருக்கும் நம் பகுதியில், செடி சாவது வெளிச்சம் போதாமலா, நீர் போதாமலா என்று பார்த்தால் பல இடங்களில் நீர் போதாமல்தான்.

கிணற்றடி, குளியல் தொட்டி, கைப்பம்பு ஆகியவற்றின் அருகே உள்ள நிழல் வேறு வகை. அங்கே மண் எப்போதும் ஈரமாக இருக்கும். இந்த ஈர நிழலில் பயிருக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும், கொசுவும் பெருகும்.

எனவே இடத்தைப் பார்த்ததும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மணி வெயில்? ஈரமா, வறட்சியா? மர வேர் எவ்வளவு நெருக்கம்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே செடியைப் பற்றிப் பேச வேண்டும்.

எது பொறுக்கும், எது பொறுக்காது?

பொதுவான விதி ஒன்று: தானியமும் காயும் கனியும் வேண்டுமானால் வெயில் கொடுக்க வேண்டும், இலையும் கிழங்கும் போதுமானால் ஓரளவு நிழலைப் பொறுக்கும். சேப்பங்கிழங்கின் இலையைப் பாருங்கள். குறைந்த வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும்படி எவ்வளவு அகலமாக விரிந்திருக்கிறது!

ஆனால் விதிக்கு விலக்குகள் உண்டு, ஏமாறுவதும் அங்கேதான். தண்டுக்கீரை இலைப்பயிர்தான், ஆனால் சோளம், கரும்பு போலக் கடும் வெயிலைப் பயன்படுத்தும் இனத்தைச் சேர்ந்தது. நிழலில் நட்டால் வெளிறி ஒடுங்கிப்போகும். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கிழங்குதான். நிழலில் கொடியும் தழையும் வளருமே தவிரக் கிழங்கு இறங்காது. மல்லிகை நிழலில் இலையாகவே நிற்கும், மொட்டு வைக்காது. முருங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவற்றுக்கும் நல்ல வெயில் வேண்டும். இவற்றை நிழலில் நட்டுக் காசையும் காலத்தையும் வீணாக்க வேண்டாம்.

இள நிழலுக்குச் சேனைக்கிழங்கையே முதலில் சொல்வேன். சித்திரை, வைகாசியில் நட்டால் எட்டு மாதத்தில் தைப் பொங்கலையொட்டித் தோண்டலாம். விதைக்கிழங்கை முக்கால் முதல் ஒரு கிலோ எடையுள்ள துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் நடுக்குருத்தின் ஒரு பகுதி இருப்பது அவசியம். சாணக் கரைசலில் தோய்த்து நிழலில் உலர்த்தி, மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் குழிக்கு ஒன்றாக நட வேண்டும். ஒரு சென்ட்டுக்கு ஏறத்தாழ 50 குழிகள் வரும். மரத்தடியில் வேரை வெட்டாமல் குழி எடுக்க முடிந்த இடத்தில் மட்டும் நடுங்கள். கஜேந்திரா, திருவனந்தபுரத்திலுள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீபத்மா ஆகியவை அரிப்பு குறைந்த நல்ல ரகங்கள்.

வரவையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். திறந்த வெளியில் நல்ல பராமரிப்பில் எக்டருக்கு 30 முதல் 35 டன் வரை, அதாவது குழிக்கு இரண்டரைக் கிலோ அளவில் கிடைக்கும். நிழலில் அதைவிடக் குறையும். போட்ட விதையே ஒரு கிலோ என்பதை மறக்கக் கூடாது. ஆகவே முதல் ஆண்டு பத்துக் குழி நட்டு, விளைந்ததில் விதையை நிறுத்திக்கொண்டு, அடுத்த ஆண்டு விரிவாக்குவதே சிறு விவசாயிக்கு ஏற்றது.

மஞ்சளுக்கும் இள நிழல் ஒத்துவரும். வைகாசி, ஆனியில் நட்டு ஒன்பது மாதத்தில் எடுக்கலாம். முன்பு சொன்ன வடபுறப் பாத்திக்கு இது மிகப் பொருத்தம். முளைத்துத் தழைக்கும் மாதங்களில் வெயிலும், முற்றும் மாதங்களில் நிழலும் கிடைத்துவிடும். வீட்டுத் தேவைக்கு ஒரு பாத்தியே போதும். இஞ்சிக்கு இள நிழலோடு வடிகாலும் தேவை. ஓரடி உயர மேட்டுப்பாத்தியில் நட்டுத் தழை மூடாக்குப் போட வேண்டும். நீர் தேங்கினால் அழுகல் நோய் பாத்தியையே அழித்துவிடும்.

பூவில் காசு பார்க்க விரும்பும் தாய்மார்களுக்குக் கனகாம்பரத்தைப் பரிந்துரைப்பேன். மல்லிகை மறுக்கும் இள நிழலில் இது மகிழ்ந்து பூக்கும். டெல்லிக் கனகாம்பரம் விதை பிடிக்காது. வேர்விட்ட குச்சிகளை வாங்கித்தான் நட வேண்டும். நூற்புழு இதற்குப் பெரிய எதிரி. இடையிடையே துலுக்கச் சாமந்தி நடுவது அதை ஓரளவு மட்டுப்படுத்தும்.

மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் தென்னந்தோப்பு நிழலில் கம்பு நேப்பியரை நட்டுவிட்டு ஏமாறுகிறார்கள். அது வெயில் புல். நிழலுக்கு உரியது கினியாப்புல். வேர்க்கரணை நட்டு 45 நாளில் முதல் அறுப்பு. பிறகு 45 நாளுக்கு ஒரு தடவை அறுக்கலாம். கோ (ஜிஜி) 3 ரகத்தின் கரணையை வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பெறலாம். தென்னையில் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். அடிமரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் வட்டம் தென்னைக்கே சொந்தம். அங்கே எதுவும் நடக் கூடாது. எட்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரை தோப்பு மிக அடர்ந்திருக்கும். இக்காலத்தில் நிழலை நன்கு பொறுக்கும் பயிர்கள் மட்டுமே நிற்கும். தோப்பு உயர்ந்த பின் மீண்டும் வெளிச்சம் இறங்கும்.

அரை நிழலும் ஈரமும் சேர்ந்த இடத்துக்குச் சேப்பங்கிழங்கு, கூவைக்கிழங்கு, சித்தரத்தை ஆகியவை ஏற்றவை. குளியல் நீர் ஓடும் வாய்க்காலோரம் சேப்பங்கிழங்கு நன்றாக வரும். நல்ல நீர் கிடைக்கும் அரை நிழலில் வல்லாரை, புதினா, கற்பூரவல்லி, பொன்னாங்கண்ணி, தவசிக்கீரை ஆகியவற்றை வைக்கலாம். பச்சையாகத் தின்னும் வல்லாரை, புதினா ஆகியவற்றுக்குச் சாக்கடை நீரை விடவே கூடாது. தவசிக்கீரையைச் சமைத்து, மற்றக் கீரைகளோடு மாற்றி மாற்றி அளவோடு உண்ணுங்கள். உடல் இளைப்பதற்கென்று அதைப் பச்சையாகச் சாறு பிழிந்து தொடர்ந்து குடித்த பலர் தைவான் நாட்டில் 1994, 1995 ஆண்டுகளில் கடுமையான நுரையீரல் நோய்க்கு ஆளானார்கள்.

அடர் நிழலில் உணவுப் பயிர் எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. அந்த இடம் வீண் என்று இதற்குப் பொருளல்ல. மண்புழு உரத் தொட்டிக்கு நிழல் கட்டாயம். சிப்பிக் காளான் குடிலுக்கு நிழல் வேண்டும். வாங்கி வந்த மரக்கன்றுகளை நடும்வரை வைத்திருக்கவும், கோடையில் கறவை மாட்டைக் கட்டவும் அதைவிட நல்ல இடம் இல்லை. வெயிலில் மூச்சிரைக்கும் கலப்பின மாடு தீனி குறைத்துப் பாலையும் குறைத்துவிடும். மரநிழலில் கட்டிய மாட்டின் பாலும் அந்த நிழலின் விளைச்சல்தான்.

புளிய மரம்

புளிய மரத்தடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே எதுவும் முளைக்காது என்பதற்கு ஊரில் பேய்க்கதை சொல்வார்கள். காரணம் பேயல்ல. நிழல் அடர்த்தி, வேர்ப் போட்டி ஆகியவற்றோடு, புளிய இலையின் சாறு பிற விதைகளின் முளைப்பையும் வளர்ச்சியையும் மட்டுப்படுத்துவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. தவிர, மாசி, பங்குனியில் பழம் உலுக்கும்போது தரை சுத்தமாக இருந்தால்தான் பொறுக்க முடியும். அதன் அடியில் பயிர் வைப்பது பழத்துக்கே இடைஞ்சல். புளிதான் அந்த இடத்தின் பயிர். அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.

மலை மேல் இருப்பவர்களுக்கு

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறினால் நிலைமை மாறுகிறது. ஜவ்வாது மலைமேல் உள்ள காவலூர் வானாய்வு நிலையம் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் வெப்பம் குறைவு. பலாவும் புளியும் கொய்யாவும் வீட்டைச் சுற்றி நிற்கின்றன. சாமைக்கு வெயில் நிலம் போக, வீட்டோர நிழலில் இஞ்சி, மஞ்சள், சேனை, சேம்பு ஆகியவை சமவெளியைவிட நன்றாக வரும். நீர் வசதி உள்ள இடத்தில் பலா மரத்தில் மிளகுக் கொடி ஏற்றலாம். இங்கும் ரகம் பார்த்து வாங்க வேண்டும். எங்கும் புகழ்பெற்ற பன்னியூர் 1 அடர்ந்த நிழலில் சரியாகக் காய்க்காது. நிழல் மிகுந்த இடத்துக்குக் கரிமுண்டாவே தக்கது. மலையில் மிளகு வருவதைப் பார்த்துவிட்டுக் கீழே படவேட்டிலும் போளூரிலும் வறண்ட மரத்தடியில் கொடியை நடுவது வீண் செலவு. கோடையின் வறண்ட காற்றை அது தாங்காது.

நடும்போது கவனிக்க வேண்டியவை

மரத்தை வெட்டாமலே வெளிச்சத்தைக் கூட்டலாம். தாழ்ந்த கிளைகளைக் கழித்து மரத்தின் குடையை உயர்த்தினால் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் உள்ளே வரும். மாமரத்தில் இதை அறுவடை முடிந்த பிறகு செய்ய வேண்டும். பலா, வேம்பு ஆகியவற்றின் கழித்த தழை ஆட்டுக்கு ஆகும்.

வரப்போர மரத்தின் வேர் பயிருக்குள் வராமல் தடுக்க, மரத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, வயல் பக்கம் மட்டும், ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு கால்வாய் எடுக்கலாம். சுற்றிலும் வெட்டினால் மரம் காற்றில் சாய்ந்துவிடும். புழக்கடையில் இதைவிட எளிய வழி உண்டு. பழைய சிமென்ட் சாக்கில் மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்பி, அடியில் செங்கல் வைத்து, அதில் இஞ்சி, மஞ்சள், புதினா நடுங்கள். மர வேர் உள்ளே வராது. அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்துப் பாத்தி கட்டுவது மட்டும் கூடாது. பட்டை அழுகி மரமே பட்டுப்போகும்.

நிழலில் இலை உலர நேரமாகும். எனவே சற்றுக் கூடுதல் இடைவெளி விடுங்கள். காலையில் நீர் விடுங்கள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து ஈரம் இல்லாவிட்டால் மட்டும் விடுங்கள். யூரியாவை அள்ளிப் போட வேண்டாம். வெளிச்சம் குறைந்த இடத்தில் அது செடியை நெட்டையாக வளர்த்து நோய்க்குத்தான் வழி செய்யும். மக்கிய எருவும், மரம் உதிர்த்த சருகு மூடாக்குமே போதும். அந்தச் சருகைக் கொளுத்துகிறவர்கள் வீட்டு உரத்தையே கொளுத்துகிறார்கள்.

ஆசை வலையில் விழ வேண்டாம்

நிழலில் எதுவும் விளையாது என்பது ஒரு தவறு என்றால், நிழலில் பொன் விளையும் என்பது அதைவிடப் பெரிய தவறு. வனிலாவின் கதை பலருக்கு நினைவிருக்கும். மடகாஸ்கர் தீவை 2000ஆம் ஆண்டில் புயல் தாக்கியதும் உலகச் சந்தையில் வனிலா விலை ஏறியது. நிழலில் வளரும் கொடி என்பதால் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் விவசாயிகள் போட்டி போட்டு நட்டார்கள். கொடி காய்ப்புக்கு வந்த நேரத்தில், 2004க்குப் பிறகு, விலை சரிந்தது. கொடியை விற்றவர்கள் சம்பாதித்தார்கள். காயை விற்க வேண்டியவர்கள் நின்றார்கள். இன்று ஆந்தூரியம், ஆர்க்கிட் என்று யாராவது கன்று விற்க வந்தால், போளூரின் சித்திரை வெப்பத்தில் அது நிற்குமா, நின்றால் வாங்குவது யார் என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் ஊர்ச் சந்தையில் விலைபோகும், விலைபோகாவிட்டாலும் உங்கள் அடுப்பில் வேகும் பயிரே சிறு விவசாயிக்குப் பாதுகாப்பு.

விரிவாக்கப் பணியில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுத் தோட்டம் என்றதும் கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், கீரை என்று ஒரே விதைப் பொட்டலத்தை எல்லா வீட்டுக்கும் கொடுக்கும் வழக்கம் மாற வேண்டும். அந்த விதைகள் வெயில் முற்றத்துக்கு நல்லவை. மர நிழலில் வீடு கட்டியிருப்பவருக்கு அவை ஏமாற்றத்தையே தரும். அந்த ஏமாற்றம் கடைசியில் மரத்தின் கழுத்தில் விழும். வெயில் முற்றத்துக்கு ஒரு பொட்டலம், நிழல் முற்றத்துக்கு ஒரு பொட்டலம் என இரண்டாகப் பிரித்து, இரண்டாவதில் நான்கு துண்டு சேனை, ஒரு கிலோ விதை மஞ்சள், கொஞ்சம் சேப்பங்கிழங்கு, ஒரு கட்டு வல்லாரைக் கொடி, கினியாப்புல் கரணை என்று கொடுத்தால் பெரிய செலவு கூடிவிடாது. கிழங்கையும் கரணையையும் ஒருமுறை கொடுத்தால் போதும். ஊருக்குள் கைமாறிக் கைமாறிப் பெருகும். இதை உழவர் மன்றங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் கேட்டுப் பெற வேண்டும். கேட்காத பொருள் கிராமத்துக்கு வந்ததில்லை.

விவசாய அன்பர்களே! வரும் ஞாயிற்றுக்கிழமை மேகமில்லாதிருந்தால், வீட்டைச் சுற்றி உள்ள நிழலை ஒரு நாள் அளந்து பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்தால் அதுவே குறித்துக் கொடுத்துவிடும். கோடரியை எடுப்பதா, கடப்பாரையை எடுப்பதா என்பதை அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.